இடது கன்னம், வலி: இல்லை

ஆகஸ்ட் 5, திங்கள்

உரித்தெடுக்கும் முக மாஸ்க், மூன்றாம் கலவை. நூறு கிராமுக்குக் கடற்பாசிக் கராஜீனன் ஒன்றரை, பிவிஏ பசை பன்னிரண்டு, கிளிசரின் ஐந்து, மிச்சம் தண்ணீர். கட்டி தட்டவில்லை. கஞ்சித் தண்ணீர் நிறம். இடது கன்னத்தில் தடவினேன். காய இருபத்தெட்டு நிமிடம். ஓரத்தைக் கிள்ளி இழுத்தேன், பாதியில் கிழிந்தது.

உரிக்கும்போது வலி: இல்லை.

லேப் தலைவி இபு ரெத்னோ வந்து கடிகாரத்தைப் பார்த்தார். "இருபத்தெட்டு நிமிஷம் எந்தப் பொம்பள மூஞ்சிய ஆட்டாம உக்காந்திருப்பா? அதுக்குள்ள அடுப்புல சோறு குழைஞ்சிடும். இருபதுக்குள்ள கொண்டா." பிறகு, போகிற போக்கில், "நீ நல்லாருக்கியா, ரியா?"

"இருக்கேன் ஜி."

"எதுக்கெடுத்தாலும் வாலுல ஒரு ஜி! மகாசார் வந்து நாலு வருஷம் ஆச்சு, இன்னும் எனக்குப் பிடிபடல. என்னதான் அர்த்தம் அதுக்கு?"

"'அவ்ளோதான், பெருசா ஒண்ணுமில்ல, விடுங்க'ன்னு அர்த்தம் இபு."

"ஒரு எழுத்துக்குள்ள இவ்ளோவா?" என்று சிரித்துக்கொண்டே போனார். ஜாவாக்காரர். அவர்கள் ஊரில் விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொல்வார்கள். நாங்கள் நேராகச் சொல்லிவிட்டு ஜி போட்டு அழித்துவிடுவோம்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

நான்காம் கலவை. சூடு ஆறும் முன்பே ஆல்கஹாலை ஊற்றிவிட்டேன். பாசி மொத்தமும் திரிந்த பால் மாதிரி ஆனது. கொட்டினேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

ஐந்தாம் கலவை. பிவிஏ பதினான்கு. நன்றாக ஆறிய பிறகு ஆல்கஹால் எட்டு. பதினேழு நிமிடத்தில் காய்ந்தது. ஒரே இழுப்பில், கிழியாமல், பாம்புச் சட்டை மாதிரி முழுசாக வந்தது. என் கன்னத்தின் மயிர்க்கால் வரை அதில் தெரிந்தது. மூன்று முறை செய்து பார்த்தேன். மூன்று முறையும் பதினேழு.

வலி: இல்லை. எரிச்சல்: இல்லை. சிவப்பு: சிறிது. ஒரே இடத்தில் மூன்று முறை உரித்தால் சிவக்காதா என்ன?

இபு ரெத்னோ படலத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "அழகு! அழகு!" என்றார். மேசையைத் தட்டினார். எனக்கும் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். பீக்கரைக் கழுவினேன்.

ஏன் எப்போதும் இடது கன்னம்? இந்த லேபில் யாரும் கேட்டதில்லை. கேட்டால் 'கைப்பழக்கம்' என்பேன். இங்கேயாவது எழுதி வைக்கிறேன். போன செப்டம்பர் 29-க்குப் பிறகு அது கன்னமே இல்லை. கண்ணுக்குக் கீழே தொடங்கி மேலுதடு வரை மரத்துப்போய்க் கிடக்கிறது. தகலார் சாலையில் அந்த லாரி. என் புருஷன் பஸ்ரி அந்த இடத்திலேயே போய்விட்டான். எனக்குக் கன்ன எலும்பு மட்டும். நரம்பு நசுங்கியிருக்கிறது, வந்தாலும் வரும், வராமலும் போகும் என்றார் டாக்டர். வரவில்லை. லேபில் சொல்லவும் இல்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஒரு நாளைக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் உரிக்கலாம். வசதிதான்.

ஆகஸ்ட் 12, திங்கள்

அடுத்தது ஊர்ப் பெண்கள் முகத்தில் போட்டுப் பார்ப்பது. பாசி வருகிற கிராமத்திலேயே செய்ய வேண்டும், மாஸ்க்கை அந்தப் பெண்கள் சங்கமே பிறகு செய்து விற்கும் என்பது இபு ரெத்னோவின் திட்டம். "உன் புருஷன் ஊருதானே? நீயே பேசிடேன்."

சங்கத்துக்குத் தலைவி டாயெங் கானாங். பஸ்ரியின் அக்கா, மரியாதைக்கு எல்லோருக்கும் டாயெங். நாற்பதாம் நாளுக்குப் பிறகு நான் அவரிடம் பேசவில்லை. அவரும் பேசவில்லை.

போன் எடுத்ததும், "யாரு?" என்றார். என் நம்பர் அவரிடம் இருக்கிறது.

"நான்தான் டாயெங். ஜும்ரியா."

"உசுரோடதான் இருக்கியா? ஒரு வருஷமா ஒரு போன் இல்ல. பெருநாளைக்குக்கூட வாசல மிதிக்கல."

விஷயத்தைச் சொன்னேன். மாதக் கடைசிச் சனிக்கிழமை, பன்னிரண்டு பேர், முகத்தில் தடவி உரிப்பது.

"என் பொம்பளைங்களுக்கு நல்லதுன்னா வா. உனக்காக இல்ல." வைத்துவிட்டார்.

அடக்கத்தன்று எல்லோருக்கும் கேட்கும்படி அவர் சொன்னது ஞாபகம் இருக்கிறது. "கல்லக் கடல்ல போட்டாகூட பாசி பிடிக்கும். இவ மூஞ்சியப் பாரு, ஒரு சொட்டு இல்ல." அப்போது என் கன்னத்தில் கட்டு போட்டிருந்தது. கட்டுக்குக் கீழே என்ன நடந்தது என்று எனக்கே தெரியாது.

ஆகஸ்ட் 17, சனி

சுதந்திர தினம். கல்லூரியில் கயிற்றில் தொங்கும் அப்பளம் கடிக்கும் போட்டி. போட்டோவில் வலது பக்கம் மட்டும் சிரிக்கிறேன்.

ஆகஸ்ட் 26, திங்கள்

நாற்பது டப்பா நிரப்பினேன். பெண்களின் முழங்கை உள்பக்கத்தில் போட்டுப் பார்த்த முடிவு போனில் வந்தது: யாருக்கும் ஒன்றும் இல்லை. நல்லது. முழங்கையில் வெயில் படாது, உப்பும் படாது. இதை இப்போது ஏன் எழுதுகிறேன்?

ஆகஸ்ட் 31, சனி

எழுதியே ஆக வேண்டும்.

காலை எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். நாற்று கட்டும் கொட்டகை. பன்னிரண்டு பெண்கள் கயிற்றில் பாசிக் கொத்துகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லோர் முகத்திலும் வெயிலுக்குப் பூசும் அரிசி மாவு. "கழுவிட்டு வாங்க" என்றார் இபு ரெத்னோ. கழுவிக்கொண்டு வந்தார்கள். மாவு போனதும் கன்னங்களைப் பார்த்தேன். உப்புக் காற்றில் வெடித்த கன்னங்கள். லேபில் யாருக்கும் இப்படி இல்லை. பார்த்தேன், பார்த்துவிட்டுக் கிண்ணத்தைக் கலக்கினேன்.

இபு ரெத்னோ பேச்சைப் பதிவு செய்யப் போனை வைத்துவிட்டு அடுத்த கொட்டகைக்குப் போனார். நான் ஒவ்வொருவராகத் தடவினேன், படிவத்தில் டிக் அடித்தேன். எரிச்சல் உண்டா, இல்லையா?

"கொஞ்சம் சுள்ளுங்குது ஜி." இல்லை.

"எரியுது ஜி." இல்லை.

டாயெங் கானாங் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "எரியுது ஜி. எழுதிக்க." இல்லை என்று எழுதிக்கொண்டேன். நானும் இந்த ஊர்க்காரிதான். ஜி போட்டால் ஒன்றுமில்லை என்றுதானே அர்த்தம். பிறந்ததிலிருந்து அப்படித்தானே.

பதினேழாவது நிமிடம். அவரே ஓரத்தைப் பிடித்து இழுத்தார். படலம் வந்தது. கூடவே இரண்டு கன்னமேட்டிலும் தோல் வந்தது. ஒரு காசு அகலம். ரத்தம் புள்ளி புள்ளியாக எழுந்தது. அவர் கத்தவில்லை. படலத்தைத் திருப்பிப் பார்த்தார், அதில் ஒட்டியிருந்த தன் தோலைப் பார்த்தார், என் மடியில் வைத்தார்.

மற்றவர்களுக்கு ஈரத்துணி வைத்து ஊறவைத்து எடுத்தோம். இன்னும் மூன்று பேருக்குச் சிவந்துவிட்டது.

வண்டியில் வரும்போது இபு ரெத்னோ அழுதார். நான் ஜன்னல் வழியே கயிற்றில் காயும் பாசியை எண்ணிக்கொண்டு வந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றுமே. அதுதான் பயமாக இருக்கிறது — பயம்கூட இல்லை, பயப்பட வேண்டும் என்று தெரிகிறது.

செப்டம்பர் 3, செவ்வாய்

அறிக்கை தயார். இபு ரெத்னோவின் முடிவு: அரிசி மாவைச் சரியாகக் கழுவவில்லை, மாவு படலத்தோடு இறுகித் தோலைப் பிடித்துக்கொண்டது. பயன்படுத்தியவரின் கவனக்குறைவு.

"லேப்ல நூறு தடவைக்கு மேல உன் மூஞ்சிலயே போட்டிருக்கோம். ஒரு தடவைகூட வலி இல்ல. வேற என்னவா இருக்க முடியும்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நிஜமாகவே கேட்டார்.

"மாவாத்தான் இருக்கும் இபு."

கையெழுத்துப் போட்டேன்.

செப்டம்பர் 5, வியாழன்

மத்தியானம் எல்லோரும் தொழுகைக்குப் போன நேரம். மிச்சமிருந்த டப்பா ஒன்றைத் திறந்தேன். வலது கன்னம். முதல் முறை.

மூன்றாவது நிமிடம் எரிய ஆரம்பித்தது. எட்டாவது நிமிடம் கண்ணைத் திறக்க முடியவில்லை. பதினேழுவரை உட்கார்ந்திருந்தேன், அவர் உட்கார்ந்திருந்தாரே. இழுத்தேன். பாதிவரைதான் முடிந்தது. ஐயோ, அப்படி ஒரு வலி! மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டேன். மீதிப் படலம் கன்னத்தில் தொங்குகிறது.

என் கன்னம் லேப் கன்னம். ஏசியில் இருக்கிற கன்னம். அதற்கே இப்படி.

நூறு தடவை. நூறு தடவை 'இல்லை' என்று எழுதினேனே. இல்லாதது வலியா, நானா? அறிவு இருக்கா எனக்கு? செத்த இடத்துல தடவிட்டு வலிக்கலன்னு எழுதுவாளா ஒருத்தி?

செப்டம்பர் 7, சனி

பஸ் பிடித்துப் போனேன். விபத்து நடந்த வளைவு வந்தபோது கண்ணை மூடிக்கொள்ளவில்லை. அது ஒரு வளைவு. பக்கத்தில் வாழைப்பழம் விற்கிறார்கள்.

டாயெங் கானாங் கொட்டகையில் தனியாக நாற்று கட்டிக்கொண்டிருந்தார். தலையிலிருந்து துண்டைச் சுற்றி முகத்தை மறைத்திருந்தார். கன்னத்தில் பொருக்கு. ஒரு வாரமாகக் கடலுக்குள் இறங்கவில்லையாம், உப்புத் தண்ணீர் பட்டால் தாங்கவில்லையாம்.

"வாங்க மேடம். வாட்ஸப்புல வந்துது உங்க அறிக்கை. நான் மாவ அப்பிக்கிட்டு வந்து உக்காந்தேனாமே?"

"டாயெங்—"

"மூணு தடவ கழுவினேன்டி! சோப்புப் போட்டு! நீதான பாத்துக்கிட்டு நின்ன? கீழ யாரு கையெழுத்து? ஜும்ரியா. என் தம்பி பேரையும் பின்னால போட்டுக்கிட்டு."

"நான் தப்பா எழுதிட்டேன்."

அறைந்தார். இடது பக்கம். சத்தம் கேட்டது, முகம் திரும்பியது. அவ்வளவுதான். திரும்பி அவரைப் பார்த்தேன்.

"ஒரு ஆ இல்ல ஊ இல்ல. அவன் செத்தப்பவும் இல்ல, இப்பவும் இல்ல. என்ன ஜென்மம்டி நீ?"

"இந்தப் பக்கம் எனக்குத் தெரியாது டாயெங்."

"என்ன தெரியாது?"

"தொட்டாத் தெரியாது. அன்னிலேர்ந்து."

கிட்ட வந்து கன்னத்தைக் கிள்ளினார். "இது?" இல்லை. கண்ணுக்குக் கீழே நகத்தால் அழுத்தினார். "இது?" இல்லை. மேலுதடு. "இதுகூடவா?" இல்லை.

"இருடி. அப்ப எங்களுக்குத் தடவறதுக்கு முன்னாடி எங்க தடவிப் பாத்த?"

"இங்கதான்."

"இந்தச் செத்த கன்னத்துலயா?"

"ஆமா."

மீண்டும் அடிப்பார் என்று நினைத்தேன். பாசிக் குவியல் மேல் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். "அட பாவி மகளே" என்றார். அதையே இரண்டு மூன்று முறை சொன்னார், குரல் இறங்கிக்கொண்டே போனது. "ஏன்டி யாருகிட்டயும் சொல்லல?"

"சொன்னா லேப்லேர்ந்து அனுப்பிடுவாங்க. அப்புறம் நாள் பூரா வீட்டுலயே இருக்கணும். அவன் செருப்பு இன்னும் வாசல்லயே கெடக்கு. எடுக்கவும் முடியல, பாக்கவும் முடியல."

இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொன்ன பிறகுதான் இப்படி ஒன்று இருப்பது எனக்கே தெரிந்தது.

அவர் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "சோறு தின்னியா?"

"தின்னேன் ஜி."

"ஜி போடாதடி எங்கிட்ட. தின்னியா, இல்லையா?"

"இல்ல."

சுட்ட மீனும் சோறும், மாங்காய் இடித்த சம்பலும் வைத்தார். தின்றேன். உதட்டோரம் சோறு ஒட்டியிருந்திருக்கிறது போல. எனக்குத் தெரியாது, எப்போதும் தெரியாது, லேபில் அதற்காகவே தனியாகச் சாப்பிடுவேன். அவர் பேச்சை நிறுத்தாமலே கட்டை விரலால் துடைத்துவிட்டார்.

கிளம்பும்போது, "எந்தப் பாசி போடறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "அது கட்டிப் பாசி. அதுல பலகாரம் செஞ்சா பட்டுனு உடையும். அதான் இழுவைக்கு அத்தன பசைய ஊத்திருக்கீங்க. முள்ளுப் பாசி போட்டுப் பாரு, அது வளையும்." பத்து வருஷமாக லேபில் இருக்கிறேன், எனக்குத் தோன்றவில்லை.

செப்டம்பர் 9, திங்கள்

இபு ரெத்னோவிடம் சொல்லிவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு, நின்றுகொண்டே.

"மூணு மாசமா 'வலி: இல்லை'ன்னு எழுதியிருக்க."

"ஆமா இபு."

"உன்ன நம்பி நான் அந்தப் பொம்பளைங்கள உக்கார வெச்சேன்."

"ஆமா இபு."

"ஆமா ஆமான்னு சொல்லாத! திட்டவாவது விடு!"

திட்டினார். ஜாவாக்காரர் திட்டி நான் கேட்டதே இல்லை. ஜாவா மொழியில் திட்டினார், பாதி புரியவில்லை. பிறகு அன்றைய ஒலிப்பதிவை இரண்டு பேருமாக முதலிலிருந்து கேட்டோம்.

"எரியுது ஜி... இது யாரு? திரும்பவும் ஜி. ஜிய எடுத்துட்டா என்ன சொல்றாங்க?"

"எரியுதுன்னு சொல்றாங்க."

"அப்ப நீ ஏன் இல்லைன்னு போட்ட?"

"ஜி இருந்துதே இபு."

என்னையே பார்த்தார். பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் எரிகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். ஒன்பது 'இல்லை' என் கையெழுத்தில் இருக்கிறது. "நீ நல்லாருக்கியான்னு தெனமும் கேட்டேனே, ரியா. தெனமும் 'இருக்கேன் ஜி'. அது மட்டும் என்னவாம்?"

ஒலிப்பதிவை நிறுத்தினேன்.

மாலை: அறிக்கை திரும்பப் பெறப்பட்டது. 'ஆய்வகத்தின் தவறு' என்று புதிதாக எழுதி, அவரே டாயெங் கானாங்குக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம். முகத்தில் போட்டுப் பார்க்கும் பட்டியலிலிருந்து என் பெயர் நீக்கம். மூன்று மாத முடிவுகள் எல்லாம் ரத்து. வேலை போகவில்லை. நரம்பு டாக்டரிடம் போக வேண்டும் என்பது நிபந்தனை.

செப்டம்பர் 12, வியாழன்

புதிய படிவம் அச்சாகி வந்தது. முதல் வரி, பெரிய எழுத்தில்: 'ஜி சேர்க்காமல் பதில் சொல்லவும்.' மாணவர்கள் சிரிக்கிறார்கள்.

செப்டம்பர் 19, வியாழன்

எட்டாம் கலவை. முள்ளுப் பாசி இரண்டரை, பிவிஏ எட்டு, கிளிசரின் பத்து, ஆல்கஹால் கிடையாது. காய இருபத்தாறு நிமிடம். "இருபதுக்குள்ள கொண்டான்னு நாந்தான் சொன்னேன்" என்றார் இபு ரெத்னோ. "சோறு குழைஞ்சா குழையட்டும்."

டாக்டர் இடது கன்னத்தைப் பஞ்சால் தொட்டார், ஊசியால் தொட்டார். மூக்கோரம் ஒரு இடத்தில் ஊசியா எறும்பா என்று தெரியாத மாதிரி ஏதோ ஒன்று. அப்படியே எழுதிக்கொண்டார். ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்.

செப்டம்பர் 24, செவ்வாய்

லேபில் ஆறு பேர் முகத்தில் எட்டாம் கலவை. என் முகத்தில் இல்லை. இரண்டு கன்னத்திலும் போட்டார்கள். வலி யாருக்கும் இல்லை. ஒவ்வொருவரிடமும் இரண்டு முறை கேட்டேன், எரிச்சல்பட்டார்கள்.

செப்டம்பர் 29, ஞாயிறு

ஒரு வருஷம்.

பஸ்ரியின் வீட்டில் ஓதினார்கள். சாப்பாடு முடிந்து எல்லோரும் போன பிறகு டாயெங் கானாங் என்னைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். அவர் கன்னத்தில் பொருக்கு உதிர்ந்து வெளுத்த தழும்பு, இரண்டு பக்கமும். முகத்தை மூடவில்லை.

"கொண்டாந்திருக்கியா அந்த டப்பாவ?"

"உங்களுக்குப் போட மாட்டேன் டாயெங். இன்னும் ஆறணும்."

"எனக்கு யாருடி போடச் சொன்னா? உனக்குப் போடறேன். உக்காரு. இந்தப் பக்கம் இல்ல, அந்தப் பக்கம்."

பட்டியலில் நான் இல்லை என்றேன். "உன் பட்டியல நீயே வெச்சுக்க" என்றார். வலது கன்னத்தில் தடவினார், விரல் முழுக்க நாற்று கட்டிய காய்ப்பு. இருபத்தாறு நிமிடமும் அவர் கட்டினார், நான் கொத்துகளை எடுத்துக் கொடுத்தேன். காற்று இருந்தது. கண் கலங்குகிறதா என்று எனக்குத் தெரியவில்லை, அவர்தான் துண்டின் நுனியால் இடது பக்கம் துடைத்துவிட்டார். "இந்தப் பக்கம் ஊத்துது, தெரியலையா?" தெரியவில்லை. எத்தனை நாளாக இப்படித் தெரியாமலே ஊற்றியிருக்கிறதோ.

பிறகு ஓரத்தைக் கிள்ளி, மெதுவாக, தாடையிலிருந்து மேலே உரித்தார்.

"வலிக்குதா?" என்றார்.

"வலிக்குது."

ஜி போடவில்லை. நான் திரும்பவும் சொன்னேன். "வலிக்குது டாயெங். ரொம்ப வலிக்குது." அதற்குள் படலம் கிழியாமல் முழுசாக அவர் கையில் இருந்தது. கன்னத்தில் ஒரு சுள்ளுகூட இல்லாமல் எப்போதோ வந்துவிட்டிருந்தது.

வீட்டுக்கு வந்து வாசலில் இருந்த செருப்பை எடுத்துத் துடைத்து உள்ளே வைத்தேன்.

படிவத்தையும் நிரப்பினேன், கணக்கில் சேராவிட்டாலும். எட்டாம் கலவை. வலது கன்னம். இருபத்தாறு நிமிடம். உரிக்கும்போது வலி: இல்லை.